தேவதாஸ் இறந்த தேதி

முத்தியால்பேட்டையில் புருஷோத்தமன் நடத்தும் அலுவலகத்துக்கு வயதானவர்கள்தான் வாடிக்கை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், ஊர்ப்பேச்சில் சொல்தா. அப்புறம் அவர்களுடைய விதவைகள். எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவை தாங்கள் இன்னும் உயிரோடு இருப்பதாகக் காகிதத்தில் காட்டி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, பிரான்சுக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் ஆள் போய்விட்டார் என்று பென்ஷனை நிறுத்திவிடுவார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அத்தனை கடல் தாண்டி இருப்பவர்களுக்கு முத்தியால்பேட்டையில் யார் மூச்சு விடுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? வேளை வந்ததும் ஒவ்வொருவருக்கும் நினைவூட்டி, படிவத்தை நிரப்பி அனுப்பிவைப்பதுதான் புருஷோத்தமனின் தொழில்.

அந்த நினைவூட்டலைத் தானாகவே ஃபோனுக்கு அனுப்பும் புரோகிராமை எழுதிக் கொடுத்தவன் ஜெரின். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. கல்யாணம் ஆகாதவன், வெள்ளைச் சட்டைக்காரன், தன் வேலையைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உள்ளவன். சனிக்கிழமைகளில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடமும் எடுத்தான். அங்கே அவன் எல்லா வருஷமும் தவறாமல் பலகையில் எழுதிப் போடும் வாசகம் ஒன்று உண்டு: ஒட்டாதே, தனியாகக் கொடு.

விஷயம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டேட்டாபேஸிடம் எதைக் கேட்டாலும் ஒரு வாக்கியமாக எழுதித்தான் கேட்க வேண்டும். இன்ன பெயருள்ளவரை இறந்தவர் என்று குறித்துக்கொள், அவ்வளவுதான். பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரிய, பெயரின் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட வேண்டும். சோம்பேறிகள் என்ன செய்வார்கள் என்றால், யாரோ தட்டிய பெயரை அப்படியே எடுத்து வாக்கியத்தின் நடுவில் ஒட்டிவிடுவார்கள். பெயருக்குள்ளேயே ஒரு குறி இருந்துவிட்டால் போச்சு, வாக்கியம் பாதியில் உடைந்துவிடும். பொறுப்பானவர்கள் வாக்கியத்தில் ஒரு காலி இடத்தை விட்டுவிட்டு, பெயரைத் தனியாகக் கையில் கொடுப்பார்கள். இதைச் சொல்லிக் கொடுக்கும்போது ஜெரினுக்குக் குரலே கொஞ்சம் உயர்ந்துவிடும். அத்தனை உபதேசம் செய்தவன் புருஷோத்தமனுக்கு எழுதிக் கொடுத்ததில் என்ன செய்திருந்தான் என்று கேட்டால், ஒட்டித்தான் வைத்திருந்தான். சின்ன ஆபீஸ்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம்.

இன்னொன்றும் செய்திருந்தான். இந்த ஊர்ப் பெயர்கள் பிரெஞ்சுக் காகிதத்தில் ஒரு மாதிரி இருக்கும், ஆதாரில் வேறு மாதிரி இருக்கும். தேவதாஸ் அங்கே போனால் தேவதாசு ஆகிவிடுவார். கடைசி எழுத்துகள் எப்படியும் ஒத்துப்போகாது என்பதால், பெயரின் தொடக்கம் பொருந்தினால் போதும் என்று வைத்துவிட்டான். நாலு வருஷம் அது ஒழுங்காகத்தான் ஓடியது.

அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்பவள் நிர்மலாதேவி. பாகூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்து பஸ்ஸில் வந்து போவாள். வீட்டில் நிலம், மாடு, மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் எல்லாம் உண்டு. அவள் வேலைக்கு வருவது புருஷனுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஜெரினை விட ஏழெட்டு வயது மூத்தவள், அவனைத் தம்பி என்பாள், அவன் அக்கா என்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை டி'ரொசாரியோ என்ற பெரியவர் இறந்த செய்தி வந்தது. நிர்மலா அந்தப் பெயரைத் தட்டினாள். பெயரின் இரண்டாம் எழுத்துக்கு முன்னால் மேலே தொங்கிக்கொண்டிருந்த சின்னக் கொக்கியும் ஒரு மேற்கோள் குறிதான் என்று எடுத்துக்கொண்டு, திரை சிவப்பாக எதையோ காட்டி நின்றது. ஜெரினுக்கு ஃபோன் போனது. அவன் ஊர் ஓரத்துத் தொழிற்பேட்டையில், மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் வேறு வேலையாக இருந்தான். அங்கே இருந்தபடியே லேப்டாப்பைத் திறந்து ஒரே ஒரு வரி சேர்த்தான்: பெயரில் அப்படிக் கொக்கி வந்தால் அதற்கு முன்னால் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "இப்ப போட்டுப் பாருங்க அக்கா," என்றான். அவள் போட்டாள். முடிந்தது என்று பச்சையாக வந்தது. தம்பி கெட்டிக்காரர் என்று அவள் புருஷோத்தமனிடம் சொன்னதும் ஃபோனில் அவனுக்குக் கேட்டது.

கொக்கிக்கு முன்னால் இருந்தது ஒரே எழுத்துதான். டி. தொடக்கம் பொருந்தினால் போதும் என்பது ஜெரின் வைத்த சட்டம். ஆங்கிலத்தில் டி என்று தொடங்கும் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும், நல்லா இருந்தவர்கள், ஒரே நொடியில் செத்துப்போனார்கள். அந்தப் பச்சை எழுத்து அதைச் சொல்லவில்லை. எத்தனை பேர் மாறினார்கள் என்று காட்ட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

செத்தவர்களுக்கு யாராவது நினைவூட்டல் அனுப்புவார்களா? அனுப்பவில்லை. அவர்களும், இந்த வருஷம் இன்னும் நாள் வரவில்லை போலிருக்கிறது என்று சும்மா இருந்துவிட்டார்கள்.

சில மாதம் கழித்து முதலில் வந்தவர் முதலியார்பேட்டை தேவதாஸ். எண்பதைத் தாண்டியவர், பட்டாளத்து முதுகு இன்னும் நேராக நிற்கிறது. பென்ஷன் வரவில்லை, எழுதிக் கேட்டால் உயிர்ச் சான்று வரவில்லை என்கிறார்கள், நீங்கள் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார். அன்று ஜெரினும் அங்கே இருந்தான், பிரின்டரைச் சரி பார்க்க வந்திருந்தான். புருஷோத்தமன் திரையைத் திருப்பிப் பெயரைத் தேடி, யோசிக்காமல் வாய்விட்டுப் படித்துவிட்டார். "இறந்துவிட்டார்" என்றும், ஒரு தேதியும்.

தேவதாஸ் குனிந்து திரையைப் பார்த்தார். "என் பொண்டாட்டி போன தேதி எனக்குத் தெரியும்," என்றார் பிறகு. "என் தேதி இப்பதான் தெரியுது."

புருஷோத்தமனுக்கு முகம் கறுத்துவிட்டது. யார் குறித்தது என்று பார்த்தார். ஒவ்வொரு மாற்றத்தையும் யார் செய்தார்கள் என்று புரோகிராம் குறித்து வைக்கும். அதையும் ஜெரின்தான் எழுதினான், அதை மட்டும் ஒழுங்காக எழுதியிருந்தான். எல்லாவற்றுக்கும் நேரே நிர்மலாதேவி என்று இருந்தது. தேவதாஸ் மட்டும் இல்லை, இன்னும் ஏழு பேர்.

"நான் ஒருத்தரதான் போட்டேன் சார்," என்றாள் நிர்மலா. "ரொசாரியோ ஐயாவ மட்டும்தான்."

புருஷோத்தமன் விரலால் திரையைத் தட்டிக் காட்டினார். பெயர் இருக்கிறதே, அம்மா, மெஷின் பொய் சொல்லுமா?

ஜெரினுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எட்டுப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குவதைப் பார்த்ததுமே அந்த வரி, அந்தப் பத்து நிமிஷம், மேட்டுப்பாளையத்துக் கம்பெனியின் கேன்டீன் மேசை, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. வாயைத் திறந்தான். எதிரே பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், புருஷோத்தமன் இருக்கிறார். சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பையன் ஒருவன் புருஷோத்தமனுக்குச் சொந்தம் என்பது ஏனோ அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

பெரியவர் போன பிறகு புருஷோத்தமன் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று நிர்மலாவிடம் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை, திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் ஜெரின் பேசினான். பேச வேண்டியதைப் பேசாமல் இதைப் பேசினான்.

"விடுங்க சார். மனுஷங்கதானே, ஒரு நேரம் இல்லாட்டி ஒரு நேரம் தவறும். நான் எல்லாத்தையும் சரி பண்ணித் தரேன்."

சொல்லும்போதே அந்தப் பெருந்தன்மை அவனுக்கே குமட்டியது. ஆனால் வேலை செய்தது. புருஷோத்தமன் இறங்கி வந்தார், தம்பி சொல்கிறதால் விடுகிறேன் என்றார். நிர்மலா இவனைப் பார்த்துக் கை கூப்பினாள்.

அன்று சாயங்காலமே எட்டில் ஏழு பேரையும், தேவதாஸையும் சேர்த்துத்தான், ஜெரின் உயிர்ப்பித்தான். டி'ரொசாரியோ மட்டும் போனது போனபடி இருந்தார். கல்லறையில் இருந்து லாசரை எழுப்பியவருக்குக்கூட இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது, நாலு பொத்தான்தான். அந்த வரியையும் எடுத்தான். ஒட்டியதை எல்லாம் பிய்த்து, காலி இடம் விட்டு, பெயரைத் தனியாகக் கொடுக்கும்படி திருத்தினான். முதல் நாளே செய்திருந்தால் அரை மணி நேர வேலை. ஒருவருக்கு மேல் மாறினால் நின்று கேட்கும்படியும் வைத்தான். மறுநாள் அதைப் பார்த்துவிட்டு புருஷோத்தமனுக்கு ஒரே சந்தோஷம். இனிமேல் இந்த அம்மா தப்பாகத் தட்டினாலும் உள்ளே போகாது, தம்பி பூட்டுப் போட்டுவிட்டார் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார். நிர்மலா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெரின் லேப்டாப் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினான்.

அதோடு போயிருந்தால் அவன் மறந்துகூட இருப்பான். மனிதன் எதைத்தான் மறக்க மாட்டான். ஆனால் நிர்மலா மறக்க விடவில்லை. அவள் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை, அதுதான் கொடுமை. ஒரு பெயரைத் தட்டிவிட்டு மூன்று தடவை படித்தாள். படித்த பிறகு, இது சரிதானா பாருங்க தம்பி என்று படம் எடுத்து அவனுக்கு அனுப்பினாள். முன்பெல்லாம் புருஷோத்தமனே குழம்பும் படிவத்தை அவள் நிமிஷத்தில் நிரப்புவாள். இப்போது பிறந்த தேதியைப் போடுவதற்கே ஆதாரை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தாள். ஒரு நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னாராம். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று கடையில் ஒன்று வாங்கிக்கொண்டாளாம். வீட்டில் புருஷன் சிரிக்கிறான், வீட்டில் குழம்பில் உப்பு கூடுகிறது, ஆபீசில் ஆள் சாகிறார்கள் என்று பிள்ளைகள் எதிரிலேயே சொல்கிறான் என்றாள். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"எப்படிப் போட்டேன்னே தெரியல தம்பி. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். போட்டாப்பலயும் இருக்கு, போடாதாப்பலயும் இருக்கு."

அப்புறம் ஒரு நாள் ஒரு பை நிறைய வேர்க்கடலை கொண்டு வந்து கொடுத்தாள், அவர்கள் நிலத்தில் விளைந்தது, வேலையைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு. ஜெரினின் அம்மா லினெட் அதை உப்புப் போட்டு அவித்து, இப்படிப் பால் பிடித்த கடலையைக் கண்ணால் பார்த்து எவ்வளவு நாள் ஆகிறது என்று தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவன் வயிறு சரியில்லை என்று எழுந்து போனான்.

சனிக்கிழமை வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. வழக்கமான வாசகத்தைப் பலகையில் எழுதினான். குரல் உயரவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி, அப்படி ஒட்டினால் உண்மையில் என்ன சார் ஆகிவிடும் என்று கேட்டாள். தப்பான ஆள் மாறிவிடும் என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னான்.

தேவதாஸின் பென்ஷன் திரும்பி வர ஒன்றரை மாதம் ஆயிற்று. வந்த பிறகும் அவர் அலுவலகத்துப் பக்கம் வரவில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் முதலியார்பேட்டையில் இருக்கும் மற்ற சொல்தாக்களும் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள் என்று புருஷோத்தமனுக்குப் பயம் வந்துவிட்டது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா என்று நிர்மலாவிடம் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருஷப் படிவத்தையும் லேப்டாப்பில் அங்கேயே நிரப்பிவிடலாம், கூடவே போங்கள் என்று ஜெரினையும் அனுப்பினார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தவள் வழியெல்லாம் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். என்ன என்று கேட்டதற்கு, அவரிடம் சொல்ல வேண்டியதை நெட்டுருப் போடுகிறேன், பேச்சிலும் தப்பு வந்துவிடக் கூடாது இல்லையா என்றாள்.

அதற்குப் பிறகு ஜெரின் வழியில் எதுவும் கேட்கவில்லை.

தேவதாஸ் பனியனோடு கதவைத் திறந்தார். ஆளைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கோபம் எல்லாம் ஆறிப்போயிருந்தது. செத்ததாகச் செய்தி வந்தால் ஆயுசு கெட்டி என்று அவர் மருமகள் சொன்னாளாம், அதனால் இன்னும் பத்து வருஷம் உங்களுக்குத் தொந்தரவு கொடுப்பேன் என்று சிரித்தார். நிர்மலா சிரிக்கவில்லை. நெட்டுருப் போட்டதைச் சொல்லத் தொடங்கினாள். என் கவனக்குறைவால் உங்களுக்கு இப்படி ஆகிவிட்டது, வேண்டுமென்று செய்யவில்லை, பெற்ற பிள்ளை செய்ததாக நினைத்துக்கொண்டு மன்னிக்க வேண்டும் என்று ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். சொல்லி முடித்துக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, அவர் காலில் விழக் குனிந்தாள்.

பெரியவர் பதறிக் காலை இழுத்துக்கொண்டார். ஜெரின் அவள் தோளைப் பிடித்துவிட்டான். இத்தனை வருஷத்தில் அவளைத் தொட்டதே இல்லை.

"அவங்க பண்ணல," என்றான். "நான் பண்ணினது. புரோகிராம்ல நான் சேத்த ஒரு வரி. அவங்க ஒரு பேருதான் போட்டாங்க. அது எட்டுப் பேரப் போட்டுடுச்சு."

அப்புறம் மேற்கோள் குறியைப் பற்றியும் கொக்கியைப் பற்றியும் டி என்ற எழுத்தைப் பற்றியும் என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனான். தேவதாஸ் கையைக் காட்டி நிறுத்தினார். அதெல்லாம் தனக்குப் புரியாது, ஒன்று மட்டும் சொல் என்றார். அப்படியானால் இந்தப் பெண் மேல் தப்பே இல்லையா?

இல்லை என்றான்.

நிர்மலா எழுந்து நின்றாள். அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று அவன் எதிர்பார்த்தான் போலிருக்கிறது. மடையன். அவள் அவனைப் புதிதாகப் பார்ப்பவள் மாதிரி பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும் தம்பி?"

"அன்னைக்கே. இவரு ஆபீசுக்கு வந்தாரே, அப்பவே."

அவள் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டாள், கணக்குச் சரியாக வந்ததுபோல. பிறகு கேட்டாள்.

"அப்ப எனக்காகப் பேசினீங்களே, அது இன்னாத்துக்கு?"

ஜெரினுக்கு அதற்குப் பதில் தெரியும். நல்லவன் என்ற பேரும் வேண்டியிருந்தது, அதனால்தான். சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது என்பதுதான் அவனைக் கூசிக் குறுக வைத்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு, பெரியவரிடம் வரேங்க ஐயா என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். தேவதாஸ் மேசையில் இருந்த பழப் பையைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"ஏன் நிக்கிற? பின்னாலயே போ," என்றார்.

கடலூர் சாலை நிறுத்தத்தில் அவளைப் பிடித்தான். புருஷோத்தமனுக்கு அங்கேயே ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னான், அவள் காதில் விழும்படி. அந்தப் பக்கத்தில் இருந்து ஆபீசுக்கு வாங்க பேசலாம் என்று வந்தது, அதில் தம்பி என்ற வார்த்தை இல்லை. ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு, மன்னிச்சுடுங்க அக்கா என்றான். அவள் சாலையைப் பார்த்தபடியே நின்றாள்.

"ஆபீஸ்ல சொல்லிட்டீங்க, சரி. எங்க ஊட்டுலயும் வந்து சொல்லணும்," என்றாள். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. எனக்கே என் மேல நம்பிக்கை போயிடுச்சு, அவங்க எங்க நம்பப் போறாங்க?"

வரேன் என்றான். என்றைக்கு என்று கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்து நின்றது. அவள் ஏறினாள். ஸ்கூட்டரைப் பூட்டினோமா என்றுகூடப் பார்க்காமல் அவனும் பின்கதவு வழியாக ஏறினான். கூட்டம் நெரித்தது. அவள் முன்னால் பெண்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், திரும்பிப் பார்க்கவில்லை.

கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டான். ஜெரினுக்கு ஊர்ப் பெயர் தெரியவில்லை. நாலு வருஷமாக அக்கா அக்கா என்று கூப்பிட்டிருக்கிறான், அந்த மண்ணில் விளைந்த கடலை அவன் வீட்டு அடுப்பில் வெந்திருக்கிறது, ஒரு நாளும் கேட்டதில்லை. கண்டக்டர் அவசரப்பட்டான், பின்னால் இருந்தவர்கள் இவனையே பார்த்தார்கள்.

"அவங்க எறங்குற எடத்துக்கு ஒண்ணு," என்றான்.